கடந்த ஏழு நாட்களில்

மூச்சு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.
காந்தி ஸ்டேடியத்துப் புழுதி கணுக்கால்வரை.
நீலச் சட்டை போட்ட ஒருத்தி தோளருகே வந்தாள்.
"கு. மயிலரசி? ஆயிரத்தைந்நூறு, ரெண்டாம் இடம்?
இதுல கையெழுத்துப் போடுங்க.
இனிமே என் கண்ணுக்கு முன்னாலதான் இருக்கணும்."

அவள் பெயர் நஸ்ரின். என்னைவிட ஒரு வயசு கூட இருக்கலாம்.
கழிப்பறைக்குள்
பனியனை நெஞ்சுவரை சுருட்டச் சொன்னாள்,
கால்சட்டையை முட்டிக்குக் கீழே.
கோப்பை, நான், அவள் பார்வை.

வரவில்லை.

மூடி உடையாத தண்ணீர் பாட்டில்
ஒன்று, இரண்டு, மூன்றாவதில் பாதி.
வெளியே தொடரோட்டம் அறிவிக்கிறார்கள்,
என் நானூறு மீட்டரை வேறு யாரோ ஓடப்போகிறார்கள்.
ஊர் கேட்டாள். ஏற்காடு, வெள்ளக்கடை என்றேன்.
குழாயைத் திறந்துவிட்டு,
"கிளியூர் அருவின்னு நினைச்சுக்கோங்க" என்றாள்.
சிரித்தேன். வந்தது.

தொண்ணூறு மில்லி.
டாஸ்மாக் வாசலில் அதற்குக் கட்டிங் என்று பேர்.
ஏ என்று ஒரு புட்டி, பி என்று ஒரு புட்டி,
நானே ஊற்றி நானே திருகினேன்.
கடக் கடக் என்று பூட்டிக்கொண்டன.
இனி என்னாலும் திறக்க முடியாதாம்.

அப்புறம் அந்தப் படிவம்.
கடந்த ஏழு நாட்களில் உட்கொண்ட
மருந்துகள், சத்துப் பொருட்கள்.
நான்கு கோடு.

"காபி எழுதணுமா சார்?"
அப்பா எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர்,
எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பதில் அதுதான்.
"வேணாம்மா" என்றார் அதிகாரி, தலை தூக்காமல்.

ஆடி மாதம் கல்லூரியில் விழிப்புணர்வு முகாம் நடந்தது.
பேனரில் பெரிய ஊசி, அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி.
புரொஜெக்டர் வேலை செய்யவில்லை.
வந்தவர் இருபது நிமிஷம் ஒழுக்கம் பற்றிப் பேசினார்.
சமோசா, டீ, வருகைப் பதிவு, சான்றிதழ்.
ஊசி போடக்கூடாது என்று எனக்குத் தெரியும்.
ஊசியை யார் கண்டது?

முதல் கோட்டில் பவுடர் என்று எழுதினேன்.
ஐந்து ரோட்டில் கௌசல்யாக்கா வாங்கிய டப்பா,
தினம் ரெண்டு ஸ்பூன்.
பேர்? பாதி கிழிந்த லேபிள்.
மீதிப் பாதியில் ஒரு ஆணின் புஜம்.

இரண்டாவது கோட்டில் பேனா நின்றது.
தள்ளிப்போடுகிற மாத்திரை.
சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சித்தி கொடுப்பாளே,
அதே மாத்திரை, அதே பச்சை அட்டை.
சாமிக்கு என்றால் வீடே சேர்ந்து ஞாபகப்படுத்தும்.
ஓட்டத்துக்கு என்று நான் மட்டும் வாங்கினேன்,
கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றித் தந்தார்.
எதிரே மூன்று ஆண்கள்.
பி.டி. சார் மேஜையோரம் சாய்ந்து
படிவத்தைப் பார்க்காததுபோல் பார்க்கிறார்.

நஸ்ரின் எழுந்து
அவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.
அவள் வேலையில் அது இருக்கிறதா தெரியவில்லை.
எழுதினேன். எழுத்துப்பிழையோடுதான்.

"உன் உடம்புல எது இருந்தாலும் நீதாம்மா பொறுப்பு,
யார் கொடுத்தாங்கங்கறது அப்புறம்."
ரோஸ் நிறப் பிரதியைக் கிழித்துக் கொடுத்தார்.

கடைசி பஸ். ஜன்னலோரம்.
பதக்கம் பையில், டிபன் பாக்ஸில் இடித்து இடித்து.
அடிவாரம் தாண்டியதும் குளிர் ஏறியது.
கொண்டை ஊசி வளைவு ஒன்பது, பத்து.
முன்சீட்டில் ஒரு குழந்தை தும்மியது.

பதினொன்றில் ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை, இதே பஸ், மூக்கடைப்பு.
ரெஜினா பல்லால் கடித்து உடைத்துக் கொடுத்த
மஞ்சள் மாத்திரை, பாதி.
வாங்கி விழுங்கினேன், தண்ணீர்கூட இல்லாமல்.
பேர் கேட்கவில்லை.
பாதி மாத்திரைக்குப் பேர் கேட்பார்களா யாராவது?

பிரதியை மடியில் விரித்தேன்.
மூன்றாவது கோடு காலி. நான்காவதும்.
அடியில் சின்ன எழுத்தில் ஒரு தொலைபேசி எண்.
போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தேன்.
சிக்னல் இல்லை.

இன்னும் ஒன்பது வளைவு.